என் சகலனுக்கு மட்டும் நிற்கும் காற்று

என் மடத்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட இது மரியாதை. எச்.டி.ஆர். படம் என்றால் ஒரே காட்சியை மூன்று தரம் எடுத்து ஒன்றாக்குவது என்று யாரோ சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு, நிந்தவூர் வட்டையில், எங்கள் வயல்வெளியில், ஒரு வரம்பில் ஏறி நின்று வானத்துக்கென்று ஒரு படம் எடுத்தேன். அதற்குள் கடை திறக்க நேரமாகிவிட்டது. வயலுக்கென்று எடுக்க வேண்டியதை அடுத்த கிழமை ஜும்ஆ முடிந்து போய் எடுத்தேன். நிழலுக்கென்று எடுக்க வேண்டியதை அதற்கும் அடுத்த கிழமை. அதே வரம்பு, அதே இடம். கால் வைத்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு செங்கல் துண்டுகூடப் போட்டு வைத்திருந்தேன். அவ்வளவு கவனம். இடையில் வெட்டு மெசின் வந்து நெல்லை அறுத்துக்கொண்டு போனதை மட்டும் நான் பொருட்படுத்தவில்லை.

மூன்றையும் கொம்பியூட்டரில் போட்டு ஒன்றாக்கினேன். பாதி விளைந்த கதிர், பாதி வெறும் அடிக்கட்டை, நடுவே கண்ணாடியால் செய்தது போல ஒரு வெட்டு மெசின். மெசினுக்கு உள்ளால் தென்னை மரம் தெரிந்தது. எனக்கு அது பெரிய கலையாகப் பட்டது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். போதாததற்கு என் சகலனிடமும் நேரில் கொண்டுபோய்க் காட்டினேன். கையில் இருந்த தேத்தண்ணி ஆறும்வரை அவர் அதைப் பார்த்தார். காக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவார், அண்ணன் என்ற முறையில். பிறகு சொன்னார்:

"காக்கா, வயல் அசைஞ்சிரிக்கி."

அவ்வளவுதான். சிரிக்கவும் இல்லை. சிரித்திருந்தால் நான் கோபித்துக்கொண்டாவது போயிருக்கலாம்.

அவருடைய பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் பேஸ்புக்கில் தேடிப் பிடித்து அவருடைய படங்களுக்கு லைக் போடுவீர்கள். இருக்கிற லைக் போதும்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கல்யாணம் முடிக்கிறவன் உடுப்புப் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கல்முனைக்குடியில் பிறந்த நான் அப்படித்தான் நிந்தவூருக்கு மூத்த மருமகனாகப் போனேன். கல்முனையில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை. அடையாள அட்டைப் படம் எடுக்கக் கடையில் ஒரு கமெரா. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெருநாளுக்குப் பெருநாள் வீடு வீடாகத் திரிந்ததில் 'படம் புடிக்கிற மருமகன்' என்று ஒரு பெயர் விழுந்தது. நான் வாங்கிய ஒரே பட்டம் அது. கொஞ்சக் காலம் அதை நன்றாக அனுபவித்தேன்.

பிறகு என் மனைவியின் தங்கைக்கு மருதமுனையிலிருந்து மாப்பிள்ளை வந்தார். நில அளவையாளர், அரசாங்க உத்தியோகம். ஒரே வளவு, ஒரே கேற், ஒரே கிணறு. இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அவர்கள் வீடு, நடுவில் எங்கள் இருவருக்கும் மாமியாரான மாமியின் சிறிய வீடு. அவர் வந்து இறங்கிய அன்று உடுப்புப் பெட்டியோடு இன்னொரு பையும் இறங்கியது. அதற்குள் ஒரு கமெரா. என்னுடையதைவிடப் பெரிது. அன்றிலிருந்து எனக்கு நெஞ்செரிவு. டொக்டர் அதை காஸ்ட்ரிக் என்றார். டொக்டருக்கு என்ன தெரியும்!

எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். மாமியின் மண்டபச் சுவரில் நான் எடுத்த ஒரு படம் தொங்க வேண்டும். அந்தச் சுவரில் கஃபத்துல்லாஹ்வின் படம் இருந்தது, மௌத்தாகிப் போன மாமாவின் சான்றிதழ் ஒன்று இருந்தது, ஒரு மணிக்கூடு இருந்தது. எனக்கு மட்டும் இடமில்லை. எத்தனையோ தரம் பிரேம் போட்டே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். "வெச்சிட்டுப் போங்க மகன்" என்பார். அடுத்த நாள் பார்த்தால் என் படம் அரிசி வாளிக்கு மூடியாக இருக்கும்.

இந்த எச்.டி.ஆர். விசயத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். கமெராவுக்கு நம்முடைய கண் இல்லை. வெயிலேறும் நேரத்தில் வானத்துக்கு வெளிச்சத்தைச் சரி செய்தால் வயல் கரிக்கட்டையாகிவிடும். வயலுக்குச் சரி செய்தால் வானம் வெள்ளைச் சீலையாகிவிடும். அதனால் ஒன்றை இருட்டாக, ஒன்றை நடுத்தரமாக, ஒன்றை வெளிச்சமாக அடுத்தடுத்து எடுத்து, ஒவ்வொன்றிலும் நல்லதை மட்டும் கொம்பியூட்டரைக் கொண்டு பொறுக்கிச் சேர்ப்பது. வேலை அவ்வளவுதான். நிபந்தனையும் ஒன்றுதான்: மூன்றும் எடுத்து முடியும்வரை எதுவும் அசையக்கூடாது. அசைந்தால் ஆட்டுக்கு மூன்று தலை முளைக்கும்.

இனி யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெல், நடுவில் தென்னை, அதற்குக் கீழே நாங்கள். இந்தக் கரையில் அசையாமல் இருக்கிற ஒன்றைக் காட்ட முடியுமா? என் மனைவி நித்திரையிலும் அசைவாள். நானோ தொழுகையில் தக்பீர் கட்டி நின்றால்கூடக் கால் விரல் ஆடிக்கொண்டிருக்கும்.

என் சகலன் அசையமாட்டார். அதுதான் அந்த மனிதர். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் உட்கார்ந்தால் மூக்கில் ஈ இருந்தாலும் அது தானாக எழும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். மாமி ஏசத் தொடங்கினால் நான் கிணற்றடிக்கு ஓடுவேன். அவர் அப்படியே இருப்பார். மாமி ஏசி ஏசிக் களைத்து, "சரி மகன், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று முடிப்பார். எனக்குக் கிணற்றடிக்கு யாரும் தேத்தண்ணி கொண்டு வந்ததில்லை.

அவர் அசையாதது ஒரு பக்கம். அவர் முன்னால் மற்றவையும் அசையாமல் நின்றதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுக்க நான் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். ஒன்று அழுதது, ஒன்று பக்கத்தில் நின்றதை முட்டியது, ஒன்றைக் காணவே இல்லை. அவர் வந்து ட்ரைபொட்டை விரித்தார். "கொஞ்சம் பொறுங்க புள்ளயள்" என்றார், யாரோ பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி. அவ்வளவும் மெழுகுப் பொம்மைகளாக நின்றன. காணாமல் போனதும் வந்து நின்றது. வளவு மூலையில் நின்ற ஆடும் மெல்லுவதை நிறுத்தியது என்று நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம். எனக்கும் அதை நம்பப் பிடிக்கவில்லை.

கடற்கரைக்கு அவரோடு போனால் இன்னும் மோசம். கரையில் ஏற்றி வைத்த தோணிகளையும் அதற்குப் பின்னால் சாய்ந்த தென்னைகளையும் எடுக்க வேண்டும். ஓலை அடித்துக்கொண்டே இருக்கும். நான் நாலு பக்கமும் ஓடி ஓடி எடுப்பேன். அவர் ஓரிடத்தில் நின்று, விரலை ரிமோட்டில் வைத்துக்கொண்டு, ஓலையைப் பார்ப்பார். கெஞ்சுகிற பார்வையும் இல்லை, அதட்டுகிற பார்வையும் இல்லை. பிறகு பார்த்தால் காற்று நின்றிருக்கும். கிளிக், கிளிக், கிளிக். அவர் ட்ரைபொட்டை மடிக்கத் தொடங்கியதும் ஓலை மறுபடி அடிக்கும்.

"எப்பிடி மச்சான்?" என்று கேட்டேன்.

"காத்து எப்பவும் ஒருக்கா நிக்கும் காக்கா. நீங்க அதுக்குள்ள அங்கால போயிர்றீங்க."

இதையே நானும் செய்து பார்த்தேன். வட்டையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த வீரமுனை ஊர் ஐயா ஒருவர் முன்னால் ட்ரைபொட்டை விரித்து, சகலனின் அதே குரலில் "கொஞ்சம் பொறுங்க" என்றேன். எருமைகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன. பிறகு ஒட்டுமொத்தமாக வாய்க்காலுக்குள் இறங்கி ஓடின.

"தம்பி, உங்களுக்கு ஏதும் கடன்கிடன் குடுக்கிற வேலையோ?" என்று கேட்டார் ஐயா. "மாடு இப்பிடி ஓடி நான் பார்க்கேல்ல."

போகட்டும், எடுப்பதுதான் சரிவரவில்லை, கொம்பியூட்டரில் சேர்ப்பதிலாவது அவரை முந்தலாம் என்று பார்த்தேன். எல்லாவற்றையும் கூட்டினேன். நிறத்தைக் கூட்டினேன், கூர்மையைக் கூட்டினேன், கூட்ட இருந்ததை எல்லாம் கூட்டினேன். வானம் சட்டைக்கு நீலம் போட்ட வாளியாக வந்தது. நெல் பிளாஸ்டிக் ஆனது. தென்னை மரங்களைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் விழுந்தது. மச்சினி வந்து பார்த்துவிட்டு, "காக்கா, மரத்துக்கெல்லாம் கல்யாண லைட்டு போட்டிரிக்கா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டாள். அதுதான் வலித்தது.

அவருடைய படத்தில் எதுவும் கூட்டினதாகத் தெரியாது. ஒரு நாள் அவர் தன் கொம்பியூட்டரில் கிணற்றடிப் படம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். கிணற்றுக்குள் இருந்த இருட்டில் பாசி தெரிந்தது, மேலே மேகத்தின் மடிப்பும் தெரிந்தது. மாமி கையில் வாளியோடு உள்ளே வந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்:

"இதென்ன, படமா? நான் சன்னலத் தொறந்து வெச்சிரிக்கி எண்டெல்லோ நெனச்சன்."

அன்று இரவு நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன். மனைவி ஒரு கோப்பை இஞ்சித் தண்ணியை வைத்துவிட்டு, "அந்தப் படம் வடிவுதானே, அதுக்கு நீங்க ஏன் பட்டினி கிடக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள்.

அவர் கஞ்சனாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஒரு தொழில் இரகசியத்தை மறைத்தார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். கேட்டதெல்லாம் காட்டித் தந்தார். எந்த அளவில் எடுத்தது, எதை எவ்வளவு குறைத்தது, எங்கே கை வைக்காமல் விட்டது, எல்லாம். ஆள் அசைந்தால் படத்தில் புகை போல விழும் பேயுருவை எந்தப் பட்டனால் துடைப்பது என்றும் காட்டினார். நான் அப்படியே செய்வேன். வருவது மறுபடியும் அதே நீல வாளி. தெரிந்தும் வராதவனுக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை.

அவருடைய அசையாமையைக் கண்டு எனக்கு ஒரே ஒரு நாள்தான் பயம் வந்தது. மருதமுனையில் அவருடைய வாப்பா மௌத்தான நாள். ஜனாஸா அடக்கி எல்லோரும் கலைந்த பிறகு, வளவில் ஒரு கதிரையில் அவர் இருந்தார். மௌத்தான அந்த மனிதரை நான் நாலைந்து தரம்தான் பார்த்திருப்பேன். ஆனாலும் நானே விக்கி விக்கி அழுது, நாலு பேர் என்னைத்தான் மகன் என்று நினைத்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். சகலன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கை முழங்காலில் வைத்த இடத்திலேயே இருந்தது. இந்த ஆள் மூச்சு விடுகிறாரா என்று நான் குனிந்து பார்த்தேன்.

"காக்கா," என்றார், திரும்பாமல். "ஏதாவது கதைங்க."

"என்னத்தக் கதைக்க?"

"என்னத்தயாவது. ஒங்களுக்கு வரும்தானே. எனக்கு வருகுதில்ல."

எருமை ஓடின கதையைச் சொன்னேன். வெட்டு மெசின் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எப்போதோ அவருடைய தோள் ஆடத் தொடங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நான் நிறுத்தாமல் கதைத்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு ஒரு பெருமை வந்தது: அந்த ஆளை அசைத்தவன் நான். காரைதீவு வருவதற்குள் அந்தப் பெருமையும் கெட்டுவிட்டது. ஒரு சொல்லால் என்னை அவ்வளவு நேரம் கதைக்க வைத்தவர் அவர்தானே என்று நினைப்பு வந்தது. பாருங்கள், பொறாமை பிடித்தவனுக்கு மையத்து வீடும் விதிவிலக்கில்லை.

கடைசியில் கலண்டர் வந்தது.

ஊரில் அரிசி மில் வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர் வருடா வருடம் பெரிய கலண்டர் அடித்து வீடு வீடாகக் கொடுப்பார். மேலே ஒரு படம், கீழே தேதி கிழிக்கும் தாள்கள். எப்போதும் ஏதோ பனி மலையும் ஏரியுமாகத்தான் இருக்கும். ஒரு முறை அவர், "நம்மட வட்டைய ஏன் போடக்கூடா?" என்று கேட்டுவிட்டார். படம் தரக்கூடியவர்கள் தரலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு நித்திரை போயிற்று. அந்தக் கலண்டரை மாமி வாங்கின கையோடு மண்டபச் சுவரில் மாட்டுவார். என் படம் வந்தால், என் படம் என்று தெரிந்தாலும் மாட்டித்தான் ஆக வேண்டும்.

வெயில் காலத்துச் சின்னப்போகப் பயிர் பச்சைப்பசேலென்று நின்ற நேரம். சுபஹ் தொழுதுவிட்டு, தொழப் போன கோலத்தில், இடுப்பில் வெள்ளைச் சாரனோடும் மேலே வெள்ளை ஷேர்ட்டோடும் நேரே வட்டைக்குப் போனேன். சகலன் எனக்கு முந்தியே வந்து ட்ரைபொட்டை விரித்து நின்றார். கிழக்கே தென்னங்கூட்டத்துக்குப் பின்னால் வானம் சிவந்து வந்தது. அவர் நின்ற இடம்தான் நல்ல இடம். பக்கத்தில் நின்றால் அவர் படம்தான் எனக்கும் வரும் என்று, அதே வரம்பில் அவரைத் தாண்டி முன்னால் போனேன். இன்னும் முன்னால். இன்னும் கொஞ்சம்.

"காக்கா," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் பொறுங்க."

அப்போதுதான் தெரிந்தது, நான் அவருடைய படத்துக்கு நடுவில் நிற்கிறேன். சரி, நிற்போம், ஒரு முறையாவது அசையாமல் நின்று காட்டுவோம் என்று நினைத்தேன். நாரைகள் நின்றன. நெல் நின்றது. காற்று வழக்கம்போல அவருக்காக நின்றுகொடுத்தது. நானும் நின்றேன், கட்டெறும்புப் புற்றின் மேல். வெளிச்சம் குறைந்த நேரம், ஒவ்வொரு கிளிக்கும் ஒரு யுகம். முதல் கிளிக்குக்கு ஒரு காலைத் தூக்கினேன். இரண்டாவதற்கு மறு காலை. மூன்றாவது கிளிக் கேட்டபோது சாரனை உதறிக்கொண்டு நான் ஆடின ஆட்டத்தைப் பார்த்து நாரைகளே வெட்கப்பட்டுப் போயிருக்கும்.

இரண்டு பேரும் படம் கொடுத்தோம். என்னுடையதை ஹாஜியார் கண்ணாடியைப் போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "தம்பி, இது நம்மட நாடுதானா?" என்று கேட்டார்.

கலண்டர் வந்தது. சகலனின் படம். வானத்தின் ஒவ்வொரு மடிப்பும் இருந்தது, வரம்பின் நிழலுக்குள் கிடந்த நத்தைக் கூடும் இருந்தது. நடுவில், வரம்புக்கு மேலே, வெள்ளையாகப் புகை போல ஒன்று எழும்பி நின்றது. ஊரே அதைப் பார்த்து மயங்கிவிட்டது. "சுப்ஹானல்லாஹ், அந்தப் பனியப் பாருங்களன்" என்றார்கள் என் கடைக்கு வந்தவர்கள். சின்னப்போக வெயிலில் நிந்தவூரில் பனி எங்கிருந்து வரும் என்று ஒரு மனிதப் பிறவி கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அது என் சாரன் என்று எப்படிச் சொல்வது!

அடுத்த வருடம் அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போனார். வேனில் சாமான் ஏற்றும்போது மெல்லக் கேட்டேன்.

"மச்சான், அந்தப் படத்தில என்னய நீங்க தொடச்சிரிக்கலாம்தானே? பட்டன் ஒண்டுதானே?"

வேன்காரர் ஹோர்ன் அடித்தார்.

"தொடச்சுப் பாத்தன் காக்கா. வட்டை வெறிச்செண்டு போயிற்று."

ஏறிப் போய்விட்டார். கேற்றடியில் நின்று அழவா, நெஞ்செரியவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். அந்தப் பதிலைப் போல ஒரு பதில் எனக்கு ஆயுளில் வராது.

வருடங்கள் ஆயிற்று. தேதித் தாள் எல்லாம் கிழிந்து முடிந்தும் மாமி அந்தக் கலண்டரைச் சுவரிலிருந்து கழற்றவில்லை. அஸர் தொழுதுவிட்டு அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். போன கிழமை நான் போனபோதும் அப்படித்தான் இருந்தார்.

"சின்ன மருமகன் என்ன மாதிரி எடுத்திரிக்கார்," என்றார். "எல்லாத்திலயும் அந்தப் பனிதான் மகன் எனக்கு ஆகப் புடிச்ச. பாக்கப் பாக்கக் கண்ணுக்குள்ள குளிருது."

என் படம் அரிசி வாளியை விட்டு வெளியே வந்ததில்லை. ஆனால் நானே அந்தச் சுவரில் இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன், மாமி தினமும் என்னை மெச்சிக்கொண்டிருக்கிறார். இதற்கு மேலும் அடக்க என்னால் முடியவில்லை. கிட்டப் போய் விரலை வைத்துக் காட்டினேன். இது என் கால், இது மறு கால், இது சாரன், எறும்பு கடித்தது, நான்தான் மாமி இது, பனி இல்லை, நான், என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

மாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழும்பி வந்தார். கலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் கலண்டரைப் பார்த்தார்.

"அப்ப கொஞ்சம் தள்ளி நிண்டிருந்தா என்ன?"